வெள்ளி ராவுப் புகை

அம்பிட்டிய, கண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நபீலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஷிபானாவும் அந்த மெல்பர்ன் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் சுகத்தைக் கேட்டால், கை கால் வேலை செய்கிறது, சோறும் இறங்குகிறது, மனம் மட்டும் சரியில்லை. ஏன் போன் இருக்கக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் என்றால் நீ உம்மா உம்மா என்று கொஞ்சி என் வாயை அடைத்துவிடுவாய், நானும் உன் முகத்தைக் கண்டதும் மெலிந்துவிட்டாயே, சாப்பிட்டாயா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எத்தனையோ தரம் அப்படித்தான் நடந்தது. கடதாசியில் எழுதினால் நீ இடையில் பேச முடியாது, கடைசி வரைக்கும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே மழை விட்டபாடில்லை. காலையில் மலையிலிருந்து இறங்குகிற பனி வெயில் ஏறும்வரை வாசலிலேயே கிடக்கிறது. தங்கச்சி பர்ஹானாவின் அறை மூலைச் சுவர் இந்த முறையும் ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடித்தது, நீ சொன்னபடி வினாகிரி போட்டுத் துடைத்து, கட்டிலையும் அலுமாரியையும் சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன், இப்போது அந்த ஊத்தை வாடை இல்லை. உம்மு குல்சும் மாமிக்கு முழங்கால் வருத்தம் கூடிப்போனது, ஆனாலும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தன் வீட்டில் வைக்கிற பெண்கள் மஜ்லிஸை அவர் விடவில்லை, கதிரையில் இருந்தபடியே ஓதிக் கொடுக்கிறார். உன்னையும் விசாரித்தார். நபீல் மாதிரி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், தங்கச்சிக்கு மூச்சுக் கஷ்டம் என்று கேட்டதும் அங்கிருந்தே காற்றுச் சுத்தம் செய்கிற மெஷின் அனுப்பினானே என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். முகத்தில் சிரிப்பு எப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததென்று எனக்கே தெரியவில்லை.

அந்த மெஷினைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு வந்தது. காற்றுச் சுத்தமாக இருந்தால் பச்சை, கெட்டால் சிவப்பு, வீட்டில் என்ன நடந்தாலும் கோடு கோடாக உன் போனுக்கும் வரும் என்று நீ சொல்லிக் கொடுத்தாய். எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. பர்ஹானாவுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பு, அந்தப் பிள்ளை இழுத்து இழுத்து மூச்செடுப்பதைப் பார்த்தபடி முதுகைத் தடவிக்கொண்டு இருந்தவள் நான், இனி என் மகன் கடலுக்கு அப்பால் இருந்தாலும் தங்கச்சியின் மூச்சுக்குக் காவல் இருக்கிறான் என்று நினைத்தேன். ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் உனக்கு துஆ செய்தேன். பிறகு வந்ததே அந்த வெள்ளிக்கிழமை. நானும் பர்ஹானாவும் மஜ்லிஸுக்குப் போய், இஷாவும் அங்கேயே தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தோம். வாப்பா முன் ஹோலில் இருந்தார், நுளம்புத் திரி எரிந்துகொண்டிருந்தது, அந்தப் பூவாசனை ஸ்ப்ரேயும் அடித்திருந்தார், நுளம்புக் கடி தாங்க முடியவில்லை என்றார். மழைக்கு யன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. உள்ளே வந்து கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கியது. இழுப்புக்கு அடிக்கிற பம்ப் அடித்தும் நிற்கவில்லை, உதடு நீலம் பாரித்துப் போனது, மக்கீன் நானாவின் த்ரீவீலில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஆவி மருந்து பிடிக்க வைத்துக்கொண்டே டொக்டர் கேட்டார், வீட்டில் யாராவது சிகரட் குடிக்கிறார்களா என்று. வாப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். "இல்ல டொக்டர், மனுசி வெள்ளி ராவுக்குச் சாம்பிராணி போடுற, பின்னுக்கு வெறகடுப்பும் ஈக்கி" என்று சொன்னார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன் மகன். முதல் நாள் வியாழன் பொழுது பட்டு வெள்ளி ராவு பிறந்ததும் நான்தானே சட்டியில் தணல் எடுத்துச் சாம்பிராணி தூவி அறை அறையாகக் காட்டினேன், அந்தப் புகை மறுநாள் வரைக்கும் வீட்டுக்குள் நின்று என் பிள்ளையின் மூச்சைப் பிடித்ததென்று நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "உம்மா, மெஷின் காட்டுறது வெள்ளி ராவுப் பொகயத்தான். இனிப் பொக எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்று எழுதியிருந்தாய். பிறகு எடுத்துப் பேசும்போது "பர்ஹானாவும் பொகயும் ஒரே கூரைக்குக் கீழ ஈக்க ஏலாது உம்மா" என்றும் சொன்னாய். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? சாம்பிராணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பின் குசினி விறகடுப்பை ஆள் பிடித்து இடித்தேன். தெல்தோட்டையிலிருந்து விறகு கொண்டு வந்து தருகிற வேலாயி வந்து பார்த்துவிட்டு "அப்ப இனிமே நா வர வேணாங்களாம்மா" என்று கேட்டாள், அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஹோலில் விரித்திருந்த கார்ப்பெட்டைச் சுருட்டினேன், திரைச்சீலையை எல்லாம் கழற்றினேன், மீன் பொரிக்கும்போது புகை இழுக்கிற விசிறியைப் போட்டுக்கொண்டு யன்னலையும் திறந்துவிட்டுத்தான் பொரித்தேன். அதற்குப் பிறகும் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு இழுத்தது. உம்மா எங்களுக்குத் தெரியாமல் சாம்பிராணி புகைக்கிறாவோ என்று நீ வாப்பாவிடம் கேட்டதாக வாப்பா சொன்னார். நீ கேட்டாயோ, அவராகச் சொன்னாரோ, இப்போது எதை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை. எப்படியோ நீங்கள் இரண்டு பேரும் பேசி, பரீட்சை முடியும் வரைக்கும் பர்ஹானா தெல்தெனியவில் வாப்பாவின் தங்கச்சி மாமி வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தீர்கள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னீர்கள். பிள்ளை உடுப்புப் பையைக் கட்டும்போது நான் குசினிக்குள் நின்று அழுதேன், வெளியே வந்தால் என் உடுப்பில் இருக்கிற வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாதென்று பயம்.

தெல்தெனியவுக்கு அவளைப் பார்க்கப் போகிற நாளில் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமா? தலைக்குக் குளித்து, வேறாகத் துவைத்துக் காயப்போட்டு எடுத்து வைத்த உடுப்பை உடுத்து, பஸ்ஸில் ஏறினாலும் சாம்பிராணிக் கடைப் பக்கம், ஹோட்டல் அடுப்புப் பக்கம் நிற்காமல் போவேன். அப்படிப் போயும் அவள் என்னைக் கட்டிப்பிடிக்கிறதுக்கு முன்னால் என் தலைச் சால்வையை மெல்ல மோந்து பார்ப்பாள். அவளுக்கே தெரியாமல் செய்கிறாள், மூச்சுக்குப் பயந்த பிள்ளை, என்ன செய்வது. நான் உள்ளே போகாமல் மாமி வீட்டு வாசலில் கதிரை போட்டு இருந்து பேசிவிட்டு வருவேன். மாமி என்னைப் பார்க்கிற பார்வை வேறு. ஒரு சட்டிச் சாம்பிராணியை விட முடியாமல் பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பியவள் என்று அந்தக் குடும்பம் முழுக்கக் கதை.

போன கிழமை மெஷினில் ஒரு ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. பில்டர் அழுக்காகிவிட்டது என்பதற்கு அந்த விளக்கு, பர்ஹானா இருக்கும்போது அவள்தான் அதைப் பார்ப்பாள், போகும்போது பழைய பில்டரை வீசிவிட்டுப் புதியது மாற்றி வைத்துவிட்டுத்தான் போனாள். நான் பின்பக்க மூடியைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். தேத்தண்ணிச் சாயம் பிடித்த துணி மாதிரி மஞ்சளும் கபிலமுமாக, கையில் ஒட்டியது. வெயிலில் வைப்போம் என்று தூக்கியபோது முகத்துக்குக் கிட்டே வந்தது, சிகரட் வாடை. சாம்பிராணியின் வாடை எனக்குத் தெரியாதா, விறகுப் புகையின் வாடை தெரியாதா? கலியாணம் முடித்த காலத்தில் வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து அடித்த அதே நாற்றம். ஹஜ்ஜுக்குப் போய்வந்து விட்டுவிட்டதாகச் சொன்னாரே, அந்த நாற்றம். புது பில்டர் போட்டதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு மணி சாம்பிராணிகூட எரியவில்லை, அடுப்பும் இல்லை. நான் அந்த இடத்திலேயே, சீமெந்துத் தரையில், பில்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

வாப்பா கடையிலிருந்து வந்ததும் அதை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், பிறகு தானாகவே சொன்னார். வெள்ளிக்கிழமை நாங்கள் மஜ்லிஸுக்குப் போனதும் கதவையும் யன்னலையும் பூட்டிக்கொண்டு ஹோலில் இருந்து சிகரட் குடிப்பாராம். வெளியே போய்க் குடிக்க முடியாதே, பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற மனிசன், பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் சிகரட் விற்கக் கூடாதென்று போய்ச் சண்டை பிடித்தவர், யாரும் கண்டால் என்ன ஆவது. அதனால் பெண்சாதி பிள்ளை மூச்செடுக்கிற வீட்டுக்குள் குடித்தார். அந்த நுளம்புத் திரியும் ஸ்ப்ரேயும் வாடையை மறைக்கத்தான். ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொன்னதற்கு, "வாய் தவறி வந்திட்டு, பொறகு மாத்திச் சொல்ல வெக்கமா ஈந்திச்சி" என்றார். கோபம் வந்தது, ஆனாலும் அவர் பலவீனம் எனக்குப் புதிதில்லை, கூட வாழ்ந்தவள் தானே. நபீலுக்கு இது தெரிந்தால் தாங்க மாட்டான் என்று நான் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவனுக்கு மொதல்லயே தெரியும் தானே" என்றார்.

அந்த வார்த்தைதான் மகன் என்னை வெட்டிப் போட்டது. கோடு சிவந்த நாளையும் நேரத்தையும் பார்த்ததுமே உனக்கு விளங்கிவிட்டதாம், வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் உம்மாவும் தங்கச்சியும் வீட்டில் இல்லையே என்று நீ வாப்பாவுக்குக் போன் எடுத்தாயாம், அவர் ஒத்துக்கொண்டு அழுதாராம், விட்டுவிடுகிறேன், உம்மாவுக்கு மட்டும் சொல்லாதே என்று கெஞ்சினாராம், நீயும் சரி என்றாயாம். நான் உடனே போனை எடுத்து உன் பழைய செய்தியைத் திரும்ப வாசித்தேன். வெள்ளி ராவுப் புகை. நீ பொய் எழுதவில்லை. கலண்டரைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது உண்மை, வியாழன் புகை அடங்கி, வெள்ளிக்கிழமை இரவுதான் கோடு திரும்பச் சிவந்தது. ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளி ராவு என்றால் என்ன? வியாழன் பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொன்னால் வெள்ளி ராவு. உன்னை மடியில் வைத்து யாசீன் ஓதியது வெள்ளி ராவு, அந்த ராவில்தான் சாம்பிராணி, அதை உனக்குச் சொல்லித் தந்தவளே நான். வெள்ளிக்கிழமை மஃரிபு ஆகிவிட்டால் அது சனி ராவு என்று ஓடி ஓடிச் சொல்லித் திரிந்த பிள்ளை நீ. இந்த உம்மா அதை வியாழன் என்றுதான் வாசிப்பாள், தன் தலையில்தான் போட்டுக்கொள்வாள் என்று தெரிந்துகொண்டே அந்தச் சொல்லைத் தேடி எடுத்து எழுதினாய். பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பாவம் எழுதப்படாமல் இருக்க வழி பார்த்து, என் வாயிலிருந்து படித்த சொல்லாலேயே என்னை ஏமாற்றினாயே. நீ பயந்தாய், வாப்பாவின் மானத்தைப் பார்த்தாய், எல்லாம் எனக்கு விளங்குகிறது. என் மானத்தை யார் பார்த்தது? நான் அடுப்பை இடித்தேன் என்று சொன்ன நாளில் நல்லது உம்மா என்றாயே, அந்த நேரமாவது உனக்கு நாக்குக் கூசவில்லையா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நான் சத்தம் போடவில்லை, அக்கம் பக்கத்துக்கும் சொல்லவில்லை. பர்ஹானாவும் புகையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியாதென்று நீங்கள் வைத்த சட்டம் சரிதான் என்று வாப்பாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அவருடைய சாரம், சட்டை, பிரஷர் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் டவுனில் கடை மேல்மாடியில் படுக்கிறார். கேட்கிறவர்களிடம் கடையில் சாமான் கணக்கெடுப்பு என்று சொல்லிவைத்திருக்கிறார், நானும் ஆமாம் என்கிறேன். பகல் சோறு அனுப்பத் தவறவில்லை, அவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாதென்று வேறாகத்தான் ஆக்குகிறேன். சிகரட்டை விட டொக்டரிடம் மருந்து இருக்கிறதாம், போய்க் காட்டி, விட்டு, கொஞ்ச காலம் போன பிறகு வரட்டும். ஹோல் சுவரை உப்புத் தண்ணியால் கழுவினேன், மெத்தைக் கதிரைகளை வெயில் கண்ட பொழுதெல்லாம் வெளியே போட்டேன், புகை போன பிறகும் துணியிலும் சுவரிலும் அது தங்கிக் கிடக்குமாம். இரண்டு பக்கத்து யன்னலையும் எதிரும் புதிருமாகத் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிறது. மெஷின் நாள் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கிறது, உனக்கும் தெரியுமே.

இவ்வளவும் செய்துவிட்டுப் பர்ஹானாவுக்கு எடுத்து, வா மகள், வீடு சுத்தம், புகை வாப்பாவுடைய சிகரட், என் சாம்பிராணி இல்லை என்று சொன்னேன். அவள் "நபீல் நானா மெஷினப் பார்த்துத்தானே சொன்ன உம்மா. ஏன் வாப்பாட தலையில போடுறீங்க. நீங்க இன்னம் நிப்பாட்டல்ல எண்டா அப்பிடியே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன், நான் ஒங்கள எப்பவோ மன்னிச்சிட்டன்" என்றாள். வாப்பாவைக் கேட்கச் சொன்னேன். கேட்டாளாம். அவர் உம்மா சொல்கிறபடியே வைத்துக்கொள்வோம் மகள் என்றாராம். அந்த மனிசனுக்கு மகளுக்கு முன்னால் மட்டும் வாய் வருகிறதில்லை, அவள் அதை, உம்மாவைக் காப்பாற்ற வாப்பா பழியை ஏற்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். செய்யாத குற்றத்துக்கு என் பிள்ளை என்னை மன்னித்துவிட்டாள். அவள் என்னை நம்ப மாட்டாள், வாப்பாவை நம்ப மாட்டாள், மெஷின் உன் போனில் பேசுகிறது, நீ சொன்னால்தான் நம்புவாள்.

உன் வீட்டுக் காற்றையும் பார்த்துக்கொள். குளிருக்குக் கதவைப் பூட்டி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், காலையில் கொஞ்ச நேரமாவது யன்னலைத் திறந்து விடு, ஈர உடுப்பை அறைக்குள் காயப்போட வேண்டாம் என்று ஷிபானாவிடமும் சொல். உன்மேல் கோபம் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் துஆவை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியவில்லை, கையை ஏந்தினால் உன் பெயர்தான் முதலில் வந்து நிற்கிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான வரும்படியையும், நேராகப் பேசுகிற நாக்கையும் தரட்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே தங்கச்சிக்கு எடு. அந்தக் கோடுகளை அவளுக்குக் காட்டு, நாளைச் சொல், நேரத்தைச் சொல், அந்த நேரத்தில் தன் பக்கத்தில் இருந்து ஓதியது யார் என்று அவளையே கேள். எனக்கு எடுக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். அவள் எடுத்து, உம்மா நான் வரட்டா என்று கேட்டால், நீ சொல்லிவிட்டாய் என்று அறிந்துகொள்வேன். அதுவரைக்கும் நான் தெல்தெனியவுக்குப் போனால் மாமி வீட்டு வாசலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா
சித்தி றலியா